மூச்சு இரைக்கும் கினிப்பன்றி: சேலத்திலும் ஏற்காட்டிலும் எது கைகொடுக்கும்?

கினிப்பன்றிக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டதா என்பதை அதன் முன்னங்கால்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூக்கை ஓயாமல் துடைப்பதால் கால்களின் உள்பக்கத்து முடி பிசுபிசுத்து ஒட்டிக் கிடக்கும். மூக்கோரம் பொருக்கு தட்டியிருக்கும். தூக்கி முதுகில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்று கேட்கும். அப்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: ரெண்டு நாள் கைவைத்தியம் பார்க்கலாமா, பக்கத்து நாய்-பூனை டாக்டரிடம் காட்டலாமா, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோய்விடலாமா?

கைவைத்தியத்துக்கு என் ஓட்டு கிடையாது. கினிப்பன்றி மூக்கால்தான் மூச்சுவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். அந்தச் சின்ன மூக்குக்குப் பக்கத்தில் தைலமும் கற்பூரமும் எரிச்சலைத்தான் கூட்டும். பெரும்பாலும் போர்டெடெல்லா, நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள்தான் நுரையீரலைத் தாக்குகின்றன. கஷாயத்துக்கு அவை அசையாது. அதைவிடப் பெரிய ஆபத்து, குழந்தைக்கு வாங்கி ஃபிரிட்ஜில் மிச்சம் வைத்திருக்கும் அமாக்சிசிலின் சிரப். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, சளியைவிட வேகமாக அதுவே ஆளைக் கொன்றுவிடும். கிளிண்டாமைசின், எரித்ரோமைசினுக்கும் இதே கதிதான்.

அடுத்து, பக்கத்து கிளினிக்கா நாமக்கல்லா? நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. பல துறை மருத்துவர்களும் ஆய்வக வசதியும் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய பலம். ஆத்தூர் பக்கத்துக்காரர்களுக்குத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டம். ஆனால் சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஏற்காட்டுக்காரர் என்றால் அதற்கு முன் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கும் ஜீவனுக்கு வெயில் நேரத்துக் கார் பயணமே பெரும் சோதனை. அதனால் அன்றைக்கே பக்கத்து டாக்டர்தான் என் தேர்வு. போகும் முன் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: முயல், கினிப்பன்றி பார்ப்பீர்களா? ஆக்சிஜன் வைக்க முடியுமா? மருந்து எழுதும்போது “டாக்டர், பென்சிலின் வகை இல்லையே?” என்று கேட்கத் தயங்க வேண்டாம். என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா இரண்டும் வழக்கமாகக் கொடுப்பவை. வளரும் குட்டி என்றால் முதலாவது குருத்தெலும்பைப் பாதிக்கலாம், வயதைச் சொல்லிவிடுங்கள். என்ரோஃப்ளாக்சசின் ஊசி போட்ட இடத்தில் சதை புண்ணாகக்கூடும். வாயால் விழுங்கும் நிலையில் இருந்தால் சொட்டு மருந்தே மேல். இரண்டு மூன்று நாளில் தேறவில்லை என்றாலோ, எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றாலோ நாமக்கல்லுக்குக் கிளம்புங்கள், அதுவும் விடியற்காலையில்.

ஆவியா, நீரை நுண்துளிகளாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் நெபுலைசர் கருவியா என்பதற்கு அதிக யோசனை வேண்டாம். பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டால் கிடைப்பது புழுக்கம்தான். அந்தத் துளிகள் நுரையீரலின் ஆழம் வரை போகாது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வெறும் சலைனை (உப்புநீர்) வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நெபுலைசர் காட்டுவது நல்லது.

எங்கே வைத்துப் பார்ப்பது? கினிப்பன்றிக்குத் தோதான வெப்பம் ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரி. சித்திரை வெயிலில் சேலத்து மொட்டை மாடிக்குக் கீழ் அறை அதற்கு அடுப்படிதான். அப்போது ஏற்காட்டில் சொந்தபந்தம் இருந்தால் நல்ல இடம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மூடுபனியும் ஈரச் சுவரும். அந்த மாதங்களில் கீழே சேலமே மேல். எங்கே வைத்தாலும் மரத்தூள் வேண்டாம், தூசி நெஞ்சுக்கு ஆகாது. பழைய பருத்தி வேட்டியை விரித்துத் தினமும் மாற்றினால் மூத்திர நெடியும் சேராது.

இதையெல்லாம்விட உயிரைத் தீர்மானிப்பது சாப்பாடு. மூக்கடைத்தால் வாசம் தெரியாது, வாசம் தெரியாவிட்டால் தின்னாது. ஒரு நாள் வயிறு காய்ந்தாலே குடல் நின்றுவிடலாம். புல் தின்னும் பிராணிகளுக்கென்று விற்கும் நோய்க்கால மாவுதான் முதல் தேர்வு, நார்ச்சத்தும் சத்துகளும் சரியாகச் சேர்ந்தது. ஆனால் ஆர்டர் போட்டு வந்து சேரும்வரை வயிறு காத்திருக்காது. ஒரு பாக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கைவசம் இல்லையென்றால் வழக்கமாகத் தின்னும் பெல்லட் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மசித்து, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் எடுங்கள். முன்பல்லுக்குப் பின்னால், பக்கவாட்டில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. மூச்சு திணறினால் நிறுத்திவிட வேண்டும், புரையேறினால் நுரையீரலுக்கே போய்விடும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 80 மில்லி வரை, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். காலையில் சமையல் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தால் தேறுகிறதா இறங்குகிறதா என்று டாக்டருக்கே சொல்லலாம்.

வைட்டமின் சி இதன் உடம்பில் தானாக ஊறாது. நோயில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 30 முதல் 50 மில்லிகிராம் தேவைப்படும். தண்ணீரில் கலந்தால் வீரியம் போய்விடும். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் நேராக வாயில் விடுவது நிச்சயம். தானாகக் கடிக்க ஆரம்பித்ததும் கொய்யாத்துண்டு கொடுங்கள், சத்துக்குச் சத்து, ஆசைக்கு ஆசை.

ஜோடி இருந்தால் அதைத் தனிக் கூண்டில், ஆனால் பார்வையில் படும்படி வையுங்கள். வீட்டில் முயலும் இருந்தால் அதை வேறு அறைக்கே மாற்றிவிடுங்கள்: போர்டெடெல்லாவை அது எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்துகொண்டிருக்கும்.