புதுச்சேரியில் பகடைப் பரிசுப் பெட்டி வாங்க இருப்போர் கவனத்திற்கு

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்டவர்களுக்காகப் பகடை வடிவப் பரிசுப் பொருள்களையும் சாக்லேட்டுகளையும் கையால் செய்து தருவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் புதுச்சேரி விற்பனையாளர் ஒருவரிடம், என் தம்பி மகனின் பிறந்தநாளுக்காக ஒரு பெட்டி வாங்கினேன். 3,800 ரூபாயையும் முன்கூட்டியே செலுத்தினால்தான் வேலையைத் தொடங்குவோம் என்றார்கள். கடலூருக்கு வந்து சேர்ந்த பெட்டி பணத்துக்கு மட்டுமல்லாமல் உடல்நலத்துக்கும் கேடு தருவதாக இருந்ததால் இதை எழுதுகிறேன்.

ரெசினில் (திரவமாக ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) வார்த்த ஏழு பகடைகள், அவற்றை உருட்டுவதற்கான தோல் தட்டு, பகடை வடிவச் சாக்லேட்டுகள் ஆகியவற்றுக்குத்தான் அந்தத் தொகை. தோல் தட்டு என்று வந்தது ரெக்சின் ஒட்டிய அட்டை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

பகடைகளின் கதை வேறு. இவ்விளையாட்டுக்கு நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை ஒவ்வொன்றும், பத்து முகம் கொண்டவை இரண்டும் தேவை. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் கையில் எடுத்தால் விரல் ஒட்டியது. கேட்டதற்கு, "கடற்கரை ஊர் மேடம், ஈரக்காற்றுக்கு அப்படித்தான் இருக்கும், வெயிலில் வையுங்கள்" என்று பதில் வந்தது. ஈரக்காற்றால் எபாக்சி ரெசினின் மேற்பரப்பில் படியும் பிசுபிசுப்பு பெரும்பாலும் வெந்நீரில் கழுவினால் போய்விடும். கழுவியும் வெயிலில் வைத்தும் நகம் பதியும் அளவுக்கு மென்மையாகவே இருந்தால், ரெசினையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் அளவு பார்க்காமலோ சரியாகக் கலக்காமலோ ஊற்றியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். அவ்வாறு முழுமையாக இறுகாத ரெசின் தோலில் அரிப்பையும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியது.

இருபது முகப் பகடையில் இன்னொரு கோளாறும் இருந்தது. முறையான பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும். பெரிய எண்களும் சிறிய எண்களும் எல்லாப் பக்கங்களிலும் கலந்திருக்கும். எனக்கு வந்ததில் 20, 19, 18 என்று எண்கள் அடுத்தடுத்த முகங்களில் வரிசையாக இறங்கின. அது சில கற்பனைச் சீட்டு விளையாட்டுகளில் ஆட்டக்காரருக்கு மிச்சமிருக்கும் உயிர்ப்புள்ளிகளைக் குறித்துக்கொள்ளப் பயன்படும் எண்ணிக்கைப் பகடையின் அமைப்பு. பெரிய எண்கள் ஒரே பக்கமாகக் குவிந்திருப்பதால் அதை உருட்டி ஆட யாரும் விரும்புவதில்லை. எங்கோ கிடைத்த அத்தகைய பகடையை வைத்து மோல்டு (வார்ப்பு அச்சு) எடுத்து, அதற்குச் "சொந்த வடிவமைப்பு" என்று விலையும் வைத்திருக்கிறார்கள். உப்பை நன்றாகக் கரைத்த நீரில் மிதக்கவிட்டுச் சுண்டிப் பார்த்தபோது ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வந்தது. அந்தப் பக்கம் எடை குறைவாக, அதாவது உள்ளே காற்றுக் குமிழியோடு இருப்பதையே அது காட்டுகிறது.

இவற்றையெல்லாம் பணநட்டம் என்று விட்டுவிடலாம். சாக்லேட்டை அப்படி விட முடியாது. ரெசின் பகடையில் 14 என்ற எண்ணின் கீழ் ஒரு பிறை வடிவக் கீறல் உண்டு. சாக்லேட் பகடையிலும் அதே எண்ணின் கீழ், அதே வளைவில், அதே கீறல் இருந்தது. போதாக்குறைக்கு, ரெசினில் தூவியிருந்த நீல மினுக்குத்தூள் சாக்லேட்டின் மூலைகளிலும் ஒட்டியிருந்தது. இரண்டையும் ஒரே மோல்டில்தான் வார்த்திருக்கிறார்கள். ரெசின் ஊற்றிய சிலிக்கான் மோல்டை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. உறையில் தயாரிப்பு நாள் இல்லை; உணவுப் பொருளின் உறையில் இருக்க வேண்டிய 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண்ணும் இல்லை. நல்லவேளையாகப் பையன் வாயில் வைப்பதற்கு முன்பே என் தம்பி மனைவி அந்த மினுக்கைக் கவனித்துவிட்டாள்.

படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கைவேலைப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். மோல்டைப் பற்றிக் கேட்டதும் என்னைத் தடை செய்துவிட்டார்கள். கைவேலை என்று சொல்லிவிட்டால் குறைபாடு பெருமையாகிவிடும் என்ற எண்ணம் இப்போது பலரிடம் பரவியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விற்பனையாளர் புதுச்சேரியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. முதற்கட்டமாகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிட்டிருக்கிறேன்.

இத்தகைய பெட்டி வாங்க எண்ணுவோர், இருபது முகப் பகடையின் எல்லாப் பக்கங்களும் தெரியும் காணொளியையும், உணவுப் பதிவு எண்ணையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கிய சாக்லேட்டில் 14இன் கீழ் அந்தப் பிறைக் கீறல் தென்பட்டால் உண்ணாதீர்கள், எறிந்துவிடவும் வேண்டாம். உறையோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள்.