மயக்கவியல் ஆங்கிலத்துக்கு அன்கி: நாலு மாதம் தாண்டினால் தெரிபவை

மறக்கப்போகிற நேரம் பார்த்துக் கேள்வியை மறுபடி நீட்டுகிற அட்டைச் செயலி அன்கி. 2006 முதல் இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் ஒரே முறை சுமார் 25 டாலர். கிட்டத்தட்ட இதே பெயரில் வேறு செயலிகளும் உண்டு, இறக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதி இங்கிலாந்து போக நினைக்கும் செவிலியர்களும், ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் அனஸ்தீசியா டெக்னீஷியன்களும் மயக்கவியல் சொற்களைப் பிடிக்க இதை எடுத்தால், சில மாதம் கழித்து எது தங்கும், எது உதிரும்?

முதலில் உதிர்வது, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று போட்ட அட்டைகள். காரணம் தமிழிலேயே இருக்கிறது. ‘மயக்கமா வருது’ என்றால் டிஸி. ‘மயங்கி விழுந்துட்டார்’ என்றால் ஃபெயின்ட். மாத்திரை போட்டு ‘மயக்கமா இருக்கு’ என்றால் ட்ரௌஸி. ‘மயக்கம் இன்னும் தெளியல’ என்பது தியேட்டர் வாசலில் ஒரு பொருள், விபத்துப் பிரிவில் வேறு பொருள். மயக்க ஊசி என்றால் ஜெனரல் அனஸ்தெட்டிக், லேசான மயக்கம் என்றால் செடேஷன். இவ்வளவையும் ‘மயக்கம்’ என்ற ஒரே விடையின் கீழ் அட்டையாக்கினால், இரண்டாவது வாரமே எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். அன்கி அதை மறதி என்று கணக்கு வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும்.

தங்குவது வாக்கிய அட்டை. யார், யாரிடம், எப்போது சொல்வது என்று மேலே ஒரு வரி. கீழே வாக்கியம், அதில் ஒரே ஒரு சொல் மறைப்பு. அன்கியில் இதற்கு ‘க்ளோஸ்’ வகை உண்டு. அறுவைக்கு முன் நோயாளியிடம் கேட்பவற்றில் தொடங்குவது நல்லது: ஆடுகிற பல், கேப், க்ரௌன், கழற்றும் பல்செட் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்தம், தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்புவரை. பிரிட்டனில் வெறும் வயிற்றுக்கு ‘நில் பை மவுத்’, அமெரிக்காவில் ‘என்பிஓ’. ஊசி குத்தும் முன் பிரிட்டிஷ் செவிலியர் ‘ஷார்ப் ஸ்க்ராட்ச்’ என்று எச்சரிப்பதைப் பாடப்புத்தகத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது. ‘நெஞ்செரிச்சல்’ தனி அட்டையாகவே இருக்கட்டும். அதைச் ‘செஸ்ட் பர்னிங்’ என்று சொல்லிவிட்டால் கேட்பவர் இதயத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார். ‘ஹார்ட்பர்ன்’ அல்லது ‘ரிஃப்ளக்ஸ்’ என்றால் வயிற்று அமிலம் மேலே வரும் ஆபத்து என்று அவருக்கு உடனே புரியும். அதேபோல ‘வாமிட்டிங் சென்சேஷன்’ நம்மூர் ஆங்கிலம். அங்கே ‘நாசியா’, அல்லது ‘ஃபீலிங் சிக்’.

அனஸ்தீசியா என்ற சொல்லே கிரேக்கம்: ‘அன்’ என்றால் இல்லாமை, ‘ஐஸ்தெசிஸ்’ என்றால் உணர்வு. 1846 அக்டோபர் 16இல் பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டிய அடுத்த மாதம், மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் கடிதம் எழுதிப் பரிந்துரைத்த பெயர். வேர்ச்சொல் அட்டைகளுக்கு இது நல்ல தொடக்கம். டேக்கி வேகம், ப்ராடி மெதுவு, ஆப்னியா மூச்சு நின்றது, எக்டமி வெட்டி எடுப்பது, ஆஸ்டமி வாய் திறந்து வைப்பது. 40, 50 வேர் போதும், அதற்கு மேல் போனால் தேர்வுக்கும் வேலைக்கும் உதவாத கிரேக்கம்தான் மிஞ்சும். ஒலி வேடிக்கையும் ஒன்று உண்டு: நிமோனியாவில் முதல் எழுத்தான ‘பி’ ஒலிக்காது, ஆப்னியாவில் நடுவே வரும் ‘பி’ ஒலிக்கும்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை அட்டையில் குறிக்காமல் விடுவது பெரிய தவறு. அனஸ்தீசியாவில் ‘தீ’ மேல் அழுத்தம், அனஸ்தெட்டிக்கில் ‘தெ’ மேல். மயக்க மருத்துவரைக் குறிக்கும் அனீஸ்ததிஸ்ட்டில் அது ‘னீ’க்கு ஓடிவிடும். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சம எடை கொடுத்தே பேசிப் பழகியதால், சரியான சொல்லைச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் பிடிபடாது. செயலியின் இயந்திரக் குரல் மருந்துப் பெயர்களில் தடுக்கி விழும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இணைய அகராதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிப்பதிவு இரண்டும் கேட்கலாம். அதைக் கேட்டு அழுத்த அசையைத் தடித்த எழுத்தில் போட்டுவையுங்கள்.

அடுத்த குழப்பம் நாடு. பிரிட்டனில் அனீஸ்ததிஸ்ட் என்றால் மருத்துவர். அமெரிக்காவில் மருத்துவர் அனஸ்தீசியாலஜிஸ்ட், நர்ஸ் அனஸ்ததிஸ்ட் என்பது தனிப் பயிற்சி பெற்ற செவிலியர். மருந்துகளும் அப்படியே: அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், பெதிடின் மெபெரிடின், பாரசிட்டமால் அசெட்டமினோஃபென். நம் தியேட்டரில் ‘ஸ்கோலின்’ என்று கூப்பிடுவது பிரிட்டனில் சக்ஸமெத்தோனியம், அமெரிக்காவில் சக்ஸினைல்கோலின். இங்கே லிக்னோகைன், அங்கே இரண்டு நாட்டிலும் லிடோகைன். இணையத்தில் கிடைக்கும் தயார் அட்டைக்கட்டுகளில் அமெரிக்க மாணவர்களுக்கானவை ஏராளம். இங்கிலாந்து போகிறவர் அதை அப்படியே இறக்கினால் பாதிச் சொற்களைப் பிறகு மாற்றிக் கற்க வேண்டிவரும். ஒரு மருந்துக்கு ஒரே அட்டை, போகிற நாட்டின் பெயர் விடையில், மற்றவை அடிக்குறிப்பில் என்று வைப்பதே நல்லது. எழுத்துக்கூட்டலும் ஒரே நாட்டுக்குரியதாக இருக்கட்டும், ஓஇடி இரண்டையும் ஏற்கும் என்றாலும்.

கருவிப் பெயர்களுக்குப் படத்தை மறைக்கும் அட்டைதான் பொருத்தம். 2023 இறுதியில் வந்த 23.10 பதிப்பிலிருந்து அது அன்கிக்குள்ளேயே இருக்கிறது. மயக்க வாயு கொடுக்கும் பாயில்ஸ் மெஷின் படம் ஒன்றில் வேப்பரைசர், ஃப்ளோமீட்டர், சோடா லைம் டப்பா, அழுத்தம் விடும் வால்வு, பேக் எனப் பத்து அட்டை வந்துவிடும். பெயரை மட்டும் நம்பாதீர்கள், பேச்சுவழக்கையும் சேருங்கள். ரத்தக் குழாயில் போடும் கேன்யுலாவை எண் சொல்லிக் கேட்பவரை விட நிறம் சொல்லிக் கேட்பவர் அதிகம்: 18 பச்சை, 20 பிங்க், 22 நீலம், 16 சாம்பல். குழாய் நுழையாதபோது கேட்கும் வழிகாட்டிக் கம்பி ‘பூஜி’. பிரெஞ்சில் மெழுகுவத்தி என்று பொருள், எழுத்தைப் பார்த்துப் படித்தால் உச்சரிப்பு தப்பும்.

அமைப்புகளில் மூன்றைத் தொட்டால் போதும். புதிய அட்டை நாளுக்கு 20 என்று இயல்பாக இருக்கும், அதை 8 ஆக்குங்கள். நாளுக்கு எட்டு என்றாலே நாலு மாதத்தில் 960 அட்டை வரும், வேலைக்குத் தாராளம். 20ஐ அப்படியே விட்டால் சில வாரத்தில் தினம் 150க்கு மேல் மறுபார்வை குவியும். நைட் டியூட்டி இரண்டு நாள் தொடர்ந்து வந்தாலே பாக்கி மலையாகி, அங்கேதான் பலர் செயலியை நீக்குகிறார்கள். அடுத்து எந்த அட்டையை எப்போது மறுபடி கேட்பது என்று முடிவுசெய்யும் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு முறையை இயக்கி, நினைவு இலக்கை 90 சதவீதத்தில் விடுங்கள். 95க்கு ஏற்றினால் நினைவில் சிறு ஆதாயம், வேலையோ பெருகும். மூன்றாவது விஷயம், விடைக்குப் பின் அமுக்கும் பொத்தான்: மறந்துவிட்டால் ‘அகெய்ன்’ மட்டுமே. வெட்கப்பட்டு ‘ஹார்ட்’ அமுக்கினால், தெரிந்தது ஆனால் சிரமம் என்று அன்கி எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டிவிடும்.

எட்டு முறை தவறிய அட்டைக்கு அன்கி ‘லீச்’ என்று பெயர் வைக்கிறது. தமிழில் அதுவும் அட்டை, இதுவும் அட்டை, ரத்தம் குடிப்பதிலும் ஒற்றுமை. அதைப் பிடிவாதமாக எதிர்கொள்ளாமல், வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். பெரும்பாலும் இன்னொரு அட்டையோடு மோதுவதுதான் நோய்.

ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் அப்படி மோதும் ஜோடி, காதுக்கும் பிரித்தறிவது கடினம். தியேட்டரில் ‘லோ’, ‘ஹை’ சேர்த்துச் சொல்லிப் பழகுவதே பாதுகாப்பு, அட்டையிலும் அப்படியே எழுதுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி விஷயமும் அதே. மருந்தளவை ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கும் வழக்கத்தை ஒரு வாக்கிய அட்டையில் வையுங்கள்.

அன்கியால் ஆகாதது பேச்சு. ஓஇடி பேச்சுத் தேர்வில் இரண்டு பாத்திரப் பேச்சு, ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடத் தயாரிப்பு, ஏறக்குறைய 5 நிமிட உரையாடல். ஆயிரம் சொல் தெரிந்தவரும் அங்கே பயந்த நோயாளியிடம் ஸ்பைனல் ஊசியை விளக்கத் தடுமாறுவார். ‘காலெல்லாம் கனத்து, மரத்துப் போகும், தொடுவது தெரியும், வலிக்காது’ என்பதை எளிய ஆங்கிலத்தில் சொல்வதற்கு, ஊசி சேரும் இடத்தின் பெயரான ‘சப்அராக்னாய்டு’ உதவாது. டெக்னீஷியன்கள் கவனிக்க: ஓஇடியின் 12 தொழில்களில் உங்கள் தொழில் இல்லை. கட்டணம் கட்டும் முன், போகிற நாட்டின் பதிவு அமைப்பு எந்தத் தேர்வைக் கேட்கிறது என்று அதன் தளத்திலேயே பாருங்கள். பிரிட்டனில் செவிலியரைப் பதிவுசெய்யும் என்எம்சி ஓஇடியில் கேட்பது எழுத்தில் 300 மதிப்பெண், மற்ற மூன்றில் (கேட்டல், வாசிப்பு, பேச்சு) 350.