சாயம் ஏற்றிய ஸ்பானிஷ் மாஸ்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாடித்தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

ஓசூர் பக்கமிருந்து வாட்ஸ்அப்பில் செடி விற்கும் ஒருவர், மண்ணில்லாமல் மரத்தில் தொங்கி வளரும் ஸ்பானிஷ் மாஸ் செடியில் செத்துப்போனதற்குப் பச்சைச் சாயம் ஏற்றி, உயிருள்ளது என்று விற்கிறார். என்னிடம் 1,200 ரூபாய் வாங்கினார். பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் ஏற்கெனவே ஒரு கொத்து தொங்குகிறது. அதனால் பார்சல் பிரித்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. உயிருள்ள கொத்து காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம். தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே பச்சையாகும். இழை முழுக்க மூடியிருக்கும் நுண்ணிய செதில்கள்தான் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. அவை நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. வந்த சரக்கோ காய்ந்தபோதும் பச்சை, நனைத்தபோதும் அதே பச்சை. வாளியில் முக்கினேன், தண்ணீருக்கும் பச்சை ஏறியது. இழையை உரித்தால் உள்ளே முடிபோலக் கறுப்பு நார் மட்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் மெத்தைக்கும் கார் சீட்டுக்கும் அடைத்தது இந்த நாரைத்தான். அலங்காரத்துக்கு என்று சொல்லி விற்கட்டும், தப்பே இல்லை. செடி என்று விற்பது திருட்டு.

போன் செய்து கேட்டேன். "உங்க ஊர் தண்ணிக்கு எதுவும் நிக்காதுங்க மேடம். ஃப்ளோரைடு தண்ணி ஊத்தினா சாகத்தானே செய்யும்?" என்றார்.

இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. நம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! உப்புத் தண்ணீரையே தெளித்து வந்தால் செதில்களில் உப்புப் படிந்து செடி மெல்ல வீணாகும் என்பதும் உண்மை. ஆனால் பார்சல் பிரித்த அன்றே அது நடக்காது. நான் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் கொடுக்கிறேன். ஃப்ளோரைடால் பல்லில் கறை படிந்த பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. அந்தக் கஷ்டத்தைச் சொல்லியே நம் வாயை அடைக்கிறார் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கூடவே 'வேர் பவுடர்' என்று தனியாக 150 ரூபாய். வளர்ந்த ஸ்பானிஷ் மாஸுக்கு வேரே கிடையாது! அன்னாசிக் குடும்பத்துச் செடி அது, மரத்தில் சும்மா தொங்கும். அதைவிட மோசம், பூஞ்சைக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்தை அடிக்கச் சொன்னது. இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு விஷம். அவர் பேச்சை நம்பி அடித்தால் வீட்டில் இருக்கும் நல்ல செடியும் போய்விடும். செம்புக் கம்பியில் கட்டுவதும் வேண்டாம்.

வாங்கும் முன் வீடியோ கேளுங்கள்: காய்ந்த கொத்து, அதன்மேல் தண்ணீர், நடுவில் வெட்டாமல். நிறம் மாறியே ஆகவேண்டும். இதுபோல மண்ணில்லாமல் வளரும் மற்ற ஏர் பிளான்ட் என்றால் அடிப்பகுதி கறுத்து மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள், அது அழுகல். பெயின்ட் அடித்ததைத் தொடவே தொடாதீர்கள்.

பணம் இன்னும் வரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இவரிடம் ஏமாந்தவர்கள் சாட், ரசீது, பார்சல் படம் எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே வழக்குப் போடுவோம்.