மூன்று கோச், மூன்று எட்டாம் இடம்: சென்னையின் எஃப்சி நிர்வாகத்துக்கு காரைக்குடியிலிருந்து ஒரு ரிவ்யூ

2020-21-ல் சாபா லாஸ்லோ, 2021-22-ல் பாந்தோவிச், 2022-23-ல் தாமஸ் பர்டாரிச். மூன்று சீசனுக்கு மூன்று பேர். நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பட்டியலில் சென்னையின் எஃப்சிக்கு மூன்று முறையும் எட்டாவது இடம். அணி தோற்ற மறுநாள் கல்லூரிச் சாலை டீக்கடையில் "கோச்சைத் தூக்குங்கப்பா" என்று கிளம்பும் பேச்சு, இந்தக் கணக்கைப் பார்த்தால் பாதியிலேயே நின்றுவிடும்.

கோச்சை மாற்றிப் பலன் கிடைத்ததே இல்லையா என்றால், ஒரு முறை அருமையாகக் கிடைத்தது. 2017-18-ல் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரிகரி, அடுத்த சீசனில் 9 புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தார். அப்போதும் நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. 2019-20 தொடங்கி முதல் 4 ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 6 ஆட்டத்தில் 5 புள்ளி. நவம்பர் கடைசியில் கிரிகரி கிளம்ப, ஓவன் காயில் வந்தார். அதே ஆட்களை வைத்துக்கொண்டு அணியை முன்னே ஏறி ஆட விட்டார். முன்கள வீரர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார், அணி நான்காம் இடம் பிடித்தது, அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் தாண்டி ஃபைனலுக்குப் போனது. அங்கே கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 தோல்வி.

இதை வைத்துத்தான் "நடு சீசனில் மாற்றினாலும் எடுபடும்" என்கிறார்கள். ஆனால் அன்று கையில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று நேரம்: மீதி ஆட்டம் 12, புது வீரர்களை எடுக்க அனுமதிக்கும் ஜனவரி விண்டோவும் இன்னும் திறக்கவில்லை. இன்னொன்று, கோல் அடிக்கக்கூடிய ஆள் அணிக்குள்ளேயே இருந்தார். இதில் ஒன்று குறைந்தாலும் புது கோச்சால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

2022 பிப்ரவரி அதற்குச் சாட்சி. கோவாவிடம் 5-0 தோற்றதும் பாந்தோவிச்சை அனுப்பினார்கள். ஜனவரி விண்டோ அதற்குள் மூடிவிட்டது. பொறுப்பேற்ற சபீர் பாஷாவிடம் மிச்சமிருந்தது 4 ஆட்டம். ஃபார்மேஷனை மாற்றலாம், பெஞ்சில் இருப்பவரை இறக்கலாம், அவ்வளவுதான். கேரளா பிளாஸ்டர்ஸ் 2024 டிசம்பரில் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியது கொஞ்சம் பரவாயில்லை. 12 ஆட்டத்தில் 3 வெற்றி, 7 தோல்வி, விண்டோ திறக்க இரண்டு வாரம் பாக்கி. நேரம் சரிதான். ஆனாலும் பத்தாவது இடம் எட்டாவது ஆனது, அதற்கு மேல் ஏறவில்லை.

நிர்வாகம் செய்த பெரிய தப்பு, என் கணிப்பில், யாரையும் நீக்கியது அல்ல. காயிலை 2020-ல் போகவிட்டதுதான். அவர் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-ல் பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கான லீக் ஷீல்டு ஜாம்ஷெட்பூருக்கு. இங்கே எட்டாம் இட வரிசை தொடங்கியது. 2023-ல் திரும்ப அழைத்து வந்தபோது ஆறாம் இடம் வரை போனது, அடுத்த சீசனில் 13 அணியில் 11-வது. ஒரு நல்ல கோச் கட்டிய அணியைக் கலைத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து அவரை மட்டும் கூட்டி வந்தால் பழைய ஆட்டம் எப்படித் திரும்பும்?

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பிக் கடை நடத்திய ஊர் இது. மேலாளுக்கு மூன்று வருஷத் தவணை. அவருக்குக் கீழே தொழில் பழகிய அடுத்தாள். யார் போனாலும் வந்தாலும் பேரேடு கடையில்தான் இருக்கும். கிளப்பில் அந்தப் பேரேடு என்பது ஆள் எடுக்கும் பிரிவு. எந்த வீரரை எடுப்பது என்ற முடிவு கோச்சோடு வந்து கோச்சோடு போனால், ஒவ்வொரு ஜூனிலும் புதுக்கணக்கு எழுத வேண்டியதுதான். புது கோச் அறிவிப்பு வரும்போது ஒப்பந்தம் எத்தனை வருஷம், முந்தைய இந்திய உதவிக் கோச் தொடர்கிறாரா, வெளிநாட்டு வீரர்களில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதைப் பாருங்கள். களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவருக்குத்தான் இடம் என்ற விதி வந்தபிறகு, அதில் மூன்று பேர் மாறினாலே அணியின் நடு எலும்பு மாறிவிடும்.

நிர்வாகத்துக்கு என் மார்க் 5-க்கு 2. அந்த இரண்டும் 2019 டிசம்பரில் காயிலைக் கொண்டுவந்ததற்கு.

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: இரவு 7:30 ஆட்டம் முடிய 9:20 தாண்டும். அதற்குள் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுப் போயிருக்கும். பல்லவன் பிற்பகலிலேயே கிளம்பிவிடும். அதனால் போகும்போது மட்டும் பல்லவன். திரும்ப நேரு ஸ்டேடியத்திலிருந்து பார்க் ஸ்டேஷன் வந்து தாம்பரம் தாண்டிப் போகும் லோக்கல் ரயில் பிடித்து, வண்டலூரில் இறங்கி கிளாம்பாக்கம் போய்விடுங்கள். காரைக்குடி பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யும்போது நள்ளிரவையொட்டிக் கிளம்புவதாகப் பார்த்து எடுங்கள். பத்தரை மணி பஸ்ஸை நம்பினால் கடைசிப் பத்து நிமிஷ ஆட்டத்தை விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.