‘ஆர்கானிக் நிழல் காபி’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ராமேசுவரம், பாம்பன் பக்கம் சுற்றுலா வருகிறவர்களை நம்பி நடக்கும் கடைகளில் கருப்பட்டி, சங்குப் பொருட்களோடு இப்போது காபித்தூளும் விற்கிறார்கள். அப்படி ஒரு கடையில் வாங்கிய கால் கிலோ பாக்கெட் எங்கள் கைக்கு வந்தது. முன்பக்கம் பச்சை இலைப் படம்; ‘மலைக்காட்டு நிழல் காபி, ஆர்கானிக், விவசாயிக்கு நியாய விலை’. பின்பக்கம் பார்கோடுக்கு அடியில் பொடி எழுத்தில் காபி 53%, சிக்கரி 47%. விலையோ தூய காபியின் விலை. திருப்பிக் கொடுக்கப் போனவரிடம், “சிக்கரியும் இயற்கைதானே அண்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சிக்கரி கலப்பது குற்றமில்லை. காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, விகிதத்தை அச்சிட்டிருந்தால் போதும். ஏமாற்று நடப்பது முன்பக்கத்தில். ஆர்கானிக் என்று பாக்கெட்டில் போட்டு விற்க என்பிஓபி (மத்திய அரசின் ஆர்கானிக் சான்றுத் திட்டம்) அல்லது பிஜிஎஸ்-இந்தியா (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் திட்டம்) சான்று வேண்டும், கூடவே ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் இருக்க வேண்டும். நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குத்தான் விலக்கு. 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டி “அரசு சான்று இருக்கு” என்பார்கள். அது உணவு வியாபாரம் நடத்துவதற்கான உரிமம், ஆர்கானிக் சான்று ஆகாது.

‘நிழல் காபி’ என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். நம் நாட்டுக் காபி பெரும்பாலும் மர நிழலில்தான் விளைகிறது. என்ன மரம் என்று கேளுங்கள். வரிசையாகச் சில்வர் ஓக் மட்டும் நிற்கும் தோட்டமும், பலா, அத்தி, முள்முருங்கை கலந்து நிற்கும் தோட்டமும் மண்ணுக்கும் பறவைக்கும் ஒன்றல்ல. தாண்டிக்குடியா, ஏற்காடா, வால்பாறையா, எந்தத் தோட்டம் என்று சொல்லத் தெரியாத கடைக்காரர் விவசாயிக்கு என்ன விலை கொடுத்தார் என்பதும் சொல்ல மாட்டார். பாக்கெட்டில் போடும் பீபெரி, பிளான்டேஷன் ஏ என்பவை கொட்டையின் வடிவம், அளவு, பதப்படுத்திய முறை சார்ந்த தரங்கள். சுற்றுச்சூழலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வறுக்கும்போது எடை 15 முதல் 20 சதவீதம் குறையும்; ஒரு கிலோ தூளுக்குப் பச்சைக் கொட்டை சுமார் 1.2 கிலோ வேண்டும். காபி வாரியம் வெளியிடும் பச்சைக் கொட்டை விலையைக் கிலோவுக்கு மாற்றி 1.2 ஆல் பெருக்குங்கள். வறுகூலி, அரைகூலி சேர்க்கும் முன்பே அந்தத் தொகை ‘தூய காபி’யின் விலையைத் தாண்டினால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

வீட்டில் சோதிக்க, கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள், கலக்க வேண்டாம். காபி மிதக்கும். சிக்கரி சில நொடியில் பழுப்பு இழை இழுத்துக்கொண்டு இறங்கும். இன்ஸ்டன்ட் தூளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

முடிந்தவரை கொட்டையாகப் பார்த்து, கண்முன்னே அரைத்து, சொந்த டப்பாவில் வாங்குங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தூள் சீக்கிரம் கட்டி பிடித்துவிடும், பத்து நாளுக்குப் போதுமானது போதும். பளபளக்கும் பல அடுக்குப் பையை மறுசுழற்சிக்கு எடுப்பவர் அரிது. காற்றில் பறந்தால் மன்னார் வளைகுடாவில்தான் போய் விழும்.

ஏமாந்தவர்கள் பில்லையும், பேட்ச் எண் தெரியும் பாக்கெட்டையும் எறிய வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்து, ராமநாதபுரம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ஆதாரமில்லாத பசுமை விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது, புகாரில் அதையும் குறிப்பிடுங்கள்.