மாஸா, ஏர்ஆசியாவா: யார் தேறியது, யார் செலவில்?

கோவிட்டில் விழுந்த நம் மலேசியாவின் இரண்டு விமான நிறுவனங்களில் எது நன்றாக எழுந்தது என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கேட்டால், பாதிப் பேர் மாஸ் (மலேசியா ஏர்லைன்ஸ்) என்பார்கள், மீதிப் பேர் ஏர்ஆசியா என்பார்கள். இரண்டு பதிலிலும் நியாயம் உண்டு. ஆனால் லாபக் கணக்கின் கடைசி வரியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நஷ்டத்தை யார் தலையில் கட்டினார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அடி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2019-இல் மலேசியாவுக்கு வந்த சுற்றுப்பயணிகள் 2 கோடியே 61 லட்சம் பேர். 2021-இல் அது ஏறக்குறைய 1 லட்சத்து 35 ஆயிரம். விமானம் தரையில் நின்றாலும் வாடகை நிற்காது. அந்த வாடகையும் டாலரில்.

மாஸ் ஏற்கெனவே நொந்துபோயிருந்த நிறுவனம். 2014-இல் எம்எச்370, எம்எச்17 விமானங்கள் என்று ஒரே வருஷத்தில் இரண்டு பேரிழப்பு. அப்புறம் கசானா நேஷனல் மொத்தப் பங்கையும் வாங்கி, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து, 2015-இல் புதிதாகத் தொடங்கினார்கள். கோவிட் வந்ததும் மறுபடி பள்ளம். இந்த முறை விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்களோடு பேசி, பிரிட்டன் நீதிமன்றம் வரை போய், 2021 தொடக்கத்தில் 1,500 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கடன்சுமையை இறக்கினார்கள். கூடவே 2025 வரை தாக்குப்பிடிக்க 360 கோடி ரிங்கிட் தர கசானா ஒப்புக்கொண்டது. கசானா என்பது நாட்டின் முதலீட்டு நிதி. அதாவது, நம் எல்லாருடைய பணம்.

பலன் வந்தது. 2023-இல் மாஸ் குழுமம் 76.6 கோடி ரிங்கிட் நிகர லாபம் காட்டியது. விமானியாகச் சேர்ந்து தலைமை நிர்வாகியாக உயர்ந்த இஸாம் இஸ்மாயிலின் காலத்தில் கிடைத்த பெரிய வெற்றி அது.

அடுத்த வருஷம்தான் முக்கியம். 2024-இல் நாட்டுக்கு 2 கோடியே 50 லட்சம் சுற்றுப்பயணிகள் வந்தார்கள், கிட்டத்தட்ட பழைய அளவு. அதே வருஷம் மாஸ் குழுமத்தின் லாபம் 5.4 கோடிக்குச் சரிந்தது. கூட்டம் கூடும்போது லாபம் ஏன் குறைய வேண்டும்? எல்லா நிறுவனங்களும் விமானங்களைத் திருப்பிக் கொண்டுவந்ததால் டிக்கெட் விலை இறங்கியது ஒரு காரணம். அதைவிட வலித்தது ஆள் பற்றாக்குறை. பராமரிப்புப் பிரிவில் தொழில்நுட்பர்கள் விலகினார்கள், உதிரிபாகம் தாமதமானது, புது விமானங்களும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கடைசியில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சேவைகளைத் தானே குறைத்துக்கொண்டது மாஸ். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அதன் இயக்கச் சான்றிதழின் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஒரு வருஷமாகக் குறைத்தது. வரவு செலவை ஒழுங்குபடுத்தியவர்கள் பட்டறையில் இருக்க வேண்டிய கைகளைத் தக்கவைக்கவில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஏர்ஆசியாவின் பாதை வேறு. 2001-இல் டோனி பெர்னாண்டஸும் கமாருடின் மெரானுனும் ஒரு ரிங்கிட்டுக்கு, கடனோடு சேர்த்து வாங்கிய நிறுவனம். கோவிட்டில் அதற்குக் கசானா போல ஒரு தாய்வீடு கிடையாது. 2020-இல் மட்டும் 500 கோடி ரிங்கிட்டுக்கு மேல் நஷ்டம். ஜப்பான் கிளையை மூடினார்கள், இந்தியக் கிளையின் பங்கை டாடாவிடம் விற்றார்கள். நீண்டதூரச் சேவை தரும் ஏர்ஆசியா எக்ஸ் 3,365 கோடி ரிங்கிட் கடன் பொறுப்பை முன்வைத்து, அதில் 0.5 விழுக்காடு மட்டும் தருகிறோம் என்றது. நூறு ரிங்கிட்டுக்கு ஐம்பது சென்! வேறு வழியில்லாமல் கடன் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கிப் பறக்க முடியாமல் போன பயணிகளும் கடன்காரர் வரிசையில்தான் நின்றார்கள். பணத்துக்குப் பதில் பிறகு பயணம் செய்யப் பயன்படும் பற்றுச்சீட்டுதான் கிடைத்தது. குடும்பத்தோடு பயணம் போகச் சேர்த்த காசு அது. அந்த வருத்தம் நியாயமானது.

ஏர்ஆசியா எக்ஸ் 2023 நவம்பரில் பங்குச்சந்தை நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்களைச் சேர்க்கும் பிஎன்17 பட்டியலிலிருந்து வெளியே வந்தது. ஏர்ஆசியாவின் அன்றைய தாய் நிறுவனமான கேப்பிட்டல் ஏ 2022 ஜனவரியில் அதே பட்டியலில் விழுந்து, வெளியே வர விமானத் தொழிலையே 680 கோடி ரிங்கிட் மதிப்பில் ஏர்ஆசியா எக்ஸுக்கு விற்கும் திட்டம் போட்டது. இந்தப் புத்தகக் கணக்குகளை நான் பாதிதான் நம்புவேன். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது, செப்டம்பர் இறுதியில் 4.12 ஆனது. டாலர் கடன் அதிகமுள்ள நிறுவனத்துக்கு அந்த ஏற்ற இறக்கமே ஒரு காலாண்டை லாபமாகவும் அடுத்ததை நஷ்டமாகவும் காட்டிவிடும்.

நம்பக்கூடியது கோலாலம்பூர் விமான நிலையத்தின் முனையம் இரண்டில் கண்ணெதிரே நடக்கிறது. திருச்சி விமானத்துக்கான வரிசையில் பெட்டியைத் திறந்துபோட்டு, மைலோ பொட்டலத்தைத் தம்பி பைக்கும் போர்வையை அம்மா பைக்கும் மாற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். டிக்கெட் மலிவு. பெட்டிக்குத் தனிக்காசு, இருக்கைக்குத் தனிக்காசு, சாப்பாட்டுக்குத் தனிக்காசு. இந்தச் சில்லறை வரவும் நிரம்பிய இருக்கைகளும்தான் ஏர்ஆசியாவைத் தூக்கின. நிறுத்திவைத்த விமானங்களை ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்துப் பறக்கவிட்டதும் சேர்த்துத்தான். பாத்திக் ஏரும் திருச்சிக்குப் பறக்கிறது, ஆனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் அனுமதி கிடைத்த காலத்தில் இருவருமே இந்தியா பக்கம் திரும்பினார்கள். மாஸ் அந்தக் கட்டத்தில் திருவனந்தபுரம், அமிர்தசரஸ், அகமதாபாத் என்று சேர்த்தது. ஏர்ஆசியாவும் திருவனந்தபுரம், கோழிக்கோடு என்று விரித்தது.

என் கணிப்பைக் கேட்டால், கணக்கில் மாஸ் சுத்தம், சேவையை விரித்ததில் ஏர்ஆசியா வேகம். ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு ஏர்ஆசியா, பெட்டிக்கான காசையும் கூட்டிப் பார்த்த பிறகு. குறித்த நாளில் கல்யாணம், சாவு என்றால் எந்த நிறுவனமானாலும் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். பொதுப்பணம் போட்ட மாஸிடம் லாபத்தோடு சேர்த்து, போதுமான தொழில்நுட்பர்கள் இருக்கிறார்களா என்றும் ஒவ்வொரு வருஷமும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது இந்திய நிறுவனமான இண்டிகோ. மாஸும் அல்ல, ஏர்ஆசியாவும் அல்ல. தேறிவிட்டோம் என்று சொல்லும் நம் நிறுவனங்கள் அந்த வழியை ஏன் முதலில் பிடிக்கவில்லை?