செயின்சா வாங்கப் போறீங்களா? "58 சிசி, 22 இன்ச்" ஸ்டிக்கரை நம்பாதீங்க

வீட்டு மரங்களில் கிளை கழிக்கவும் விறகு அறுக்கவும் செயின்சா வாங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு கடைக்குப் போங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் இந்த மெஷினைக் கண்ட கண்ட கடையிலும் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஏமாற்றப்பட்டதும் அப்படி ஒரு கடையில்தான்.

கொல்லையில் வேப்பங்கிளை, முருங்கை, பட்டுப்போன ஒரு தென்னை, இதுதான் வேலை என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். இந்த வேலைக்கு 14 அல்லது 16 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), 35 முதல் 45 சிசி இன்ஜின் தாராளமாகப் போதும். கடைக்காரர் அந்த அளவில் ஒன்றைக்கூட எடுத்துக் காட்டவில்லை. "அண்ணே, அதெல்லாம் பொம்மை, இதை எடுத்துட்டுப் போங்க, 58 சிசி, 22 இன்ச், ஜெர்மன் டெக்னாலஜி, தேக்கையே அறுக்கும்" என்று 7,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். பார் நீளமானால் முன்பாரம் கூடும், அதன் நுனியின் மேல்பக்கம் எதிலாவது பட்டால் மெஷின் அப்படியே முகத்தை நோக்கித் துள்ளும். பழக்கமில்லாத ஆள் கையில் கொடுக்கிற சாமானா இது?

கொஞ்ச நாள்தான் ஓடியது, தென்னையில் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் பிரித்துக் காட்டியதைப் பார்த்து வயிறு எரிந்துவிட்டது. பிஸ்டன் விட்டம் 45 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது அது போய்வரும் தூரம், 32 மி.மீ., கணக்குப் போட்டால் 51 சிசிதான் வருகிறது, ஸ்டிக்கரில் மட்டும் 58. செயினுக்கு ஆயில் போகும் பம்ப் வேலையே செய்யவில்லை, பார் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, செயின் பிரேக். கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற கார்டை (கைக்காப்புத் தடுப்பை) தள்ளினால் "டக்" என்று சத்தம் வருகிறது, ஆனால் உள்ளே செயினைப் பிடித்து நிறுத்த வேண்டிய பட்டையே இல்லை! வெளியில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். பணம் போனதைக்கூட விடலாம், இதை நினைத்தால்தான் இன்னும் கோபம் அடங்கவில்லை.

திருப்பிக் கொண்டுபோனால், "நீங்க ஆயில் சரியா கலக்கல, வாரண்டி கிடையாது" என்கிறார். ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி இன்ஜின் ஆயில் கலந்தால் போதும் என்று சொன்னதே அவர்தான். சாதாரண டூ-டி ஆயில் ஊற்றும் இந்த மாதிரி மெஷினுக்கு 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். பெட்டியில் இருந்த புத்தகமோ வேறு ஏதோ மாடலுக்கானது. பில் கேட்டபோது "கம்ப்யூட்டர் ஓடலண்ணே" என்று எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டைத்தான் கொடுத்திருந்தார். அதில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, மெஷினின் சீரியல் நம்பரும் இல்லை. இப்போது அதையே காட்டி, இது எங்கள் பில்லே இல்லை என்கிறார்.

பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அதில் அடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அந்தச் சீட்டு, ஸ்டிக்கர், பிரித்த பாகங்கள் எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது.

இதே மாதிரி மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மரத்தில் வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். இன்ஜினை நிறுத்தி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கார்டை முன்னால் தள்ளிவிட்டு செயினைக் கையால் இழுங்கள். அசையவே கூடாது. அப்புறம் ஸ்டார்ட் செய்து, பிரேக்கை விடுவித்து, ரேஸ் கொடுக்காமல் சும்மா ஓட விடுங்கள். அப்போதும் செயின் சுற்றக் கூடாது. கடைசியாக, பார் நுனியை ஒரு பழைய அட்டைக்குப் பக்கத்தில், படாமல் நீட்டி ரேஸ் கொடுங்கள், ஆயில் தெறித்துக் கோடு விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த மெஷினைத் தொடாதீர்கள், வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கேளுங்கள்.